நடு இலக்கங்கள்

ஆம்பூரின் அஞ்சல் குறியீட்டு எண் 635802. பேரணாம்பட்டுக்கு 635810, வாணியம்பாடிக்கு 635751, திருப்பத்தூருக்கு 635601. கிழக்கே வந்தால் குடியாத்தம் 632602, வேலூர் 632001, மேல்விஷாரம் 632509, ராணிப்பேட்டை 632401. தோல் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் பேர்போன இந்த வட்டாரத்தின் எட்டு ஊர்களையும் 0 முதல் 9 வரை எண்ணிட்ட பத்து அறைகளில் பிரித்து வைக்க வேண்டும். எண்ணில் உள்ள ஏதாவது ஓர் இலக்கத்தை மட்டுமே பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எதைப் பார்ப்பது? முதல் இலக்கம் எட்டு ஊருக்கும் 6. இரண்டாவது எட்டுக்கும் 3. மூன்றாவது 2 அல்லது 5. எட்டும் இரண்டே அறைகளில் அடைந்துகொள்ளும். கடைசி இலக்கம்தான் அதிகம் மாறும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று யோசிக்காமலே சொல்லத் தோன்றும். அதுவும் கைவிடுகிறது. வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, திருப்பத்தூர் நான்கும் 1-இல் முடிகின்றன. ஆம்பூரும் குடியாத்தமும் 2-இல் முடிகின்றன. எண் வரிசைகள் 1-இல் தொடங்க, முதல் எண் பெரிய ஊருக்குப் போயிருக்கிறது. இப்போது நான்காவது இலக்கத்தை அதே வரிசையில் பாருங்கள்: 8, 8, 7, 6, 6, 0, 5, 4. எட்டு ஊர்களும் ஆறு அறைகளில் பரவிவிட்டன. இந்த வட்டாரத்தில் ஓர் ஊரை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் செய்தி எண்ணின் தலையிலும் இல்லை, வாலிலும் இல்லை, நடுவில் இருக்கிறது.

இது தற்செயல் அல்ல. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறு இலக்க முறையில் முதல் இலக்கம் மண்டலத்தையும், இரண்டாவது உள்மண்டலத்தையும், மூன்றாவது அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தையும் குறிக்கின்றன; எஞ்சிய மூன்றும் அஞ்சலகத்துக்கு உரியவை. ஒரே வட்டாரத்து ஊர்களுக்கு முன்பகுதி ஒன்றாக இருந்தே தீரும். தில்லியில் உட்கார்ந்து நாடு முழுவதற்குமான கடிதங்களைப் பிரிப்பவருக்கு முதல் இலக்கம் பொன்னானது. அதே இலக்கம் ஆம்பூரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே சொல்வதில்லை. எண் மாறவில்லை, பார்க்கும் இடம் மாறிவிட்டது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. எண்கள் அப்படியே இருக்கின்றன. பேரணாம்பட்டு இன்றும் வேலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டே 635 என்ற முன்னொட்டைச் சுமக்கிறது. ஒரு முகவரி எண்ணில் பதிந்திருப்பது இன்றைய வரைபடம் அல்ல, அதை வழங்கியவரின் விதி.

இந்தக் கட்டுரையின் அக்கறை அஞ்சல் முகவரி பற்றியது அல்ல, கணினியின் நினைவக முகவரி பற்றியது. ஆனால் இரண்டுக்கும் ஒரே வாதம்தான் பொருந்துகிறது. முகவரிகளை நன்றாகப் பிரிக்க வேண்டுமென்றால் அவற்றை வழங்கியவரின் விதி தெரிந்திருக்க வேண்டும். பிட்டுகளை நகர்த்துவது, மடிப்பது, பெருக்குவது போன்ற வித்தைகளெல்லாம் அந்த அறிவுக்குப் பின்னால் வருபவை. ஹேஷ் என்றால் கலைத்துப் போடுதல் என்றுதான் பொதுவாகக் கற்பிக்கிறோம். கலைப்பதற்கு முன்னால் வாசிக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இல்லை.

ஹேஷ் என்ற எண்ணத்தை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 ஜனவரியில் ஓர் உள்குறிப்பாக எழுதினார். நீளமான ஒரு சாவியிலிருந்து சிறிய எண் ஒன்றைக் கணக்கிட்டு, அந்த எண்ணுள்ள அறையில் பொருளை வைப்பது. மறுபடி தேடும்போது அதே கணக்கைப் போட்டு நேரே அந்த அறைக்குப் போவது. ஆயிரம் பொருள் இருந்தாலும் ஆயிரத்தையும் புரட்ட வேண்டியதில்லை. இரண்டு சாவிகள் ஒரே அறைக்குப் போனால் அது மோதல். மோதியவற்றைச் சங்கிலியாகக் கோத்து அந்த அறையிலேயே வைக்கலாம், ஆனால் சங்கிலி நீள நீள நேரே போவதன் பலன் கரைந்துபோகும். ஆகவே ஹேஷ் சார்பின் முழு மதிப்பும் அது சாவிகளை எவ்வளவு பரவலாகப் பிரிக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

சி மொழியில் நினைவக முகவரியே சாவியாக வரும் இடங்கள் ஏராளம். ஒன்றையொன்று சுட்டும் முனைகளால் ஆன ஒரு வலையைச் சுற்றி வரும்போது எந்த முனையை ஏற்கெனவே பார்த்தோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். முனைக்கு வேறு பெயர் இல்லை, அது இருக்கும் முகவரிதான் அதன் பெயர். நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி, கேட்டு வாங்கிய ஒவ்வொரு துண்டையும் அதன் முகவரியால் பதிவு செய்கிறது. கம்பைலர்கள் தங்கள் உள்ளுறுப்புகளை முகவரியால் தேடுகின்றன. இயங்குதளத்தின் கருவில், எந்தப் பக்கத்துக்காக எந்தப் பணி காத்திருக்கிறது என்பதையும் முகவரியை ஹேஷ் செய்துதான் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த முகவரிகளை வழங்குபவர் யார்? மல்லாக் என்னும் நூலக நிரல். அதன் முதன்மையான விதி, தான் தரும் இடம் எந்த வகைத் தரவுக்கும் பொருந்தும் எல்லையில் தொடங்க வேண்டும் என்பது. கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் வெளியிட்ட சி மொழி நூலின் எட்டாம் அத்தியாயத்திலேயே ஒரு சிறிய மல்லாக்கை எழுதிக் காட்டுகிறார்கள். அதில் ஒவ்வொரு துண்டின் தலைப்பையும் எல்லை பொருந்துவதற்காகவே இன்னொரு வகையோடு இணைத்து வைக்கிறார்கள். இன்றைய 64-பிட் லினக்ஸில் குனூ சி நூலகம் கடைப்பிடிக்கும் எல்லை 16 பைட். அதாவது, மல்லாக் தரும் எந்த முகவரியும் 16-இன் மடங்கு. இரும எண்ணாக எழுதினால் கடைசி நான்கு பிட்டும் எப்போதும் பூஜ்யம். அதுமட்டுமல்ல. 24 பைட் கேட்டால் நூலகம் தன் கணக்குக்கு 8 பைட் சேர்த்து 32 பைட் துண்டாகத் தருகிறது. தொடர்ந்து கேட்டால் முகவரிகள் 32, 32-ஆக ஏறும். ஒரு நினைவகப் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து முதல் துண்டு 672-ஆம் பைட்டில் விழுந்தது என்று கொண்டால் அடுத்தவை 704, 736, 768. இரும வடிவில் இவை 1010100000, 1011000000, 1011100000, 1100000000. வால்பகுதியில் ஐந்து பூஜ்யங்கள் வரிசை கட்டி நிற்பது கண்ணுக்கே தெரிகிறது.

இப்போது 1024 அறைகள் உள்ள அட்டவணை ஒன்றை எடுத்துக்கொண்டு, முகவரியின் கடைசிப் பத்து பிட்டை அறை எண்ணாக வைப்போம். நிரலாளர்கள் பலர் கைப்பழக்கத்தில் செய்வது இதுதான். ஒரே ஒரு ‘அண்ட்’ கட்டளை போதும், வேகமானது. 1000 முனைகளை இப்படி இட்டால் 1024 அறைகளில் 32 மட்டுமே நிரம்பும். மீதி 992 அறைகளுக்கு எக்காலத்திலும் யாரும் வரப்போவதில்லை. நிரம்பிய ஒவ்வோர் அறையிலும் சுமார் 31 முனைகள் சங்கிலியாய்க் கிடக்கும். ஒன்றைத் தேடினால் சராசரியாகப் பதினாறைப் புரட்ட வேண்டும். நிரல் பிழையின்றி ஓடும். விடை சரியாக வரும். எச்சரிக்கை எதுவும் திரையில் தோன்றாது. மெதுவாக மட்டும் இருக்கும்; கணினி பழையது என்று அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

தீர்வு ஒரே கட்டளை நீளமுள்ளது. முகவரியை ஐந்து பிட் வலப்பக்கம் நகர்த்திவிட்டுப் பிறகு கடைசிப் பத்து பிட்டை எடுத்தால், அடுத்தடுத்த முனைகள் அடுத்தடுத்த அறைகளுக்குப் போகின்றன. 1000 முனைகளுக்கு 1000 வெவ்வேறு அறைகள். ஒரு மோதல்கூட இல்லை. இதை, உலகின் மிகச் சிறந்த கலைப்பானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1000 சாவிகளை முற்றிலும் தற்போக்காக 1024 அறைகளில் வீசினால் நிகழ்தகவுக் கணக்குப்படி ஏறத்தாழ 385 அறைகள் காலியாகவே இருக்கும். அந்த அளவுக்கு மற்ற அறைகளில் மோதல் நடந்திருக்கும். எதையும் அறியாத சீரான கலைப்பைவிட, விதி தெரிந்த ஒரு நகர்த்தல் மேலான பலனைத் தருகிறது. ஹேஷ் என்றாலே தற்போக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இந்த விஷயத்தின் உயிர் என்றே அதைச் சொல்வேன். நான்கு பூஜ்யங்கள் மல்லாக் தரும் உறுதிமொழி. ஐந்தாவது பூஜ்யம், முனையின் அளவு 24 பைட்டாக இருந்ததால் அமைந்த தற்செயல். முனை 40 பைட் ஆனால் துண்டு 48 பைட் ஆகும். முகவரிகள் 48, 48-ஆக ஏறும். 48 என்பது மூன்று பதினாறு. இப்போது நான்கு பிட் நகர்த்தினால் முகவரிகள் மூன்று மூன்றாகத் தாவி ஆயிரம் தனி அறைகளுக்குப் போகின்றன. ஐந்து நகர்த்தினால் பிரித்துக் காட்டக்கூடிய ஒரு பிட்டையும் தூக்கி எறிந்துவிட்டு மோதலை விலைக்கு வாங்குகிறோம். பைத்தான் மொழியின் சி நிரலில் முகவரியை ஹேஷ் செய்யும் இடத்தைப் பார்த்தால், அவர்கள் நான்கு பிட்டோடு நிறுத்திக்கொண்டிருப்பது தெரியும். அதிலும் வெறுமனே நகர்த்தாமல் சுழற்றுகிறார்கள்: வலப்பக்கம் விழும் நான்கு பிட்டும் இடப்பக்கத் தலைக்குப் போய்ச் சேர்கின்றன, எந்தச் செய்தியும் இழப்பாவதில்லை. உறுதிமொழி எது, தற்செயல் எது என்று பிரித்தறிந்தவர் எழுதிய வரி அது.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கட்டிங் பிரிவில் தோலைக் கையாளும் ஒருவர் இதை வேறு பொருளில் செய்கிறார். ஒரு தோல் முழுவதும் ஒரே தரமாய் இருப்பதில்லை. முதுகுப் பகுதியில் நார் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும். கழுத்தில் சுருக்கம் ஓடும். காலணியின் முன்புறத்து வேம்ப், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் மடிந்து நிமிர வேண்டியது. அதை வெட்டும் டையை முதுகுப் பகுதியில்தான் வைப்பார்கள். நாக்கு போல மறைவில் இருக்கும் துண்டுகளுக்கு ஓரப் பகுதி போதும். டையை எங்கே வேண்டுமானாலும் வைத்து அழுத்தினாலும் துண்டு அதே வடிவில்தான் வெட்டுப்படும். காலணியும் முதலில் சரியாகத்தான் தெரியும். எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்தத் தோலைத் தடவிப் பார்க்க வேண்டும். வெட்டும் எந்திரம் எவ்வளவு புதிதானாலும் இந்தத் தடவிப் பார்த்தலுக்கு ஈடாகாது.

முகவரியைத் தடவிப் பார்த்தால் என்ன தெரிகிறது? தலைப்பகுதியிலிருந்து தொடங்கலாம். 64 பிட் எண் என்றாலும் இன்றைய பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பயனர் நிரலின் முகவரிக்கு 47 பிட்டே பயன்படுகிறது. மேலே உள்ள பதினேழும் பூஜ்யம். அதற்குக் கீழே உள்ள சில பிட்டுகள் ஹீப், ஸ்டாக், நூலகங்கள் ஏறிய பகுதி என்று நிரலின் பெரும்பரப்புகளைக் குறிப்பவை; 632, 635 என்பதைப் போல ஓரிரு மதிப்புகளே அங்கே மாறி மாறி வரும். வாலில் எல்லைப் பொருத்தத்தின் பூஜ்யங்கள். பெரிய துண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். ஏறத்தாழ 128 கிலோபைட்டுக்கு மேல் கேட்டால் குனூ நூலகம் வழக்கமாக அதை இயங்குதளத்திடமிருந்து தனிப் பக்கங்களாக வாங்கித் தருகிறது. ஒரு பக்கம் 4096 பைட், தலைப்புக்கு 16 பைட். ஆகவே அப்படிப்பட்ட எல்லா முகவரிகளிலும் கடைசிப் பன்னிரண்டு பிட்டும் ஒன்றே. அவற்றின் மதிப்பு 16. நான்கு பிட் நகர்த்திய நம் பழைய தீர்வு இங்கே தோற்றுப்போகும். பக்கத்துக்கு ஒன்றாக ஆயிரம் முகவரிகளை எடுத்து நான்கு பிட் நகர்த்திப் பத்து பிட்டை எடுத்தால் நிரம்புபவை நான்கே அறைகள், அறைக்கு 250.

இதற்காகத்தான் மடிப்பு. எல்எல்விஎம் என்னும் கம்பைலர் தொகுப்பில் முகவரியை நான்கு பிட் நகர்த்திய எண்ணையும் ஒன்பது பிட் நகர்த்திய எண்ணையும் ‘எக்ஸார்’ செய்து ஒன்றின் மேல் ஒன்றாகப் படியவைக்கிறார்கள். சிறிய துண்டுகளின் வேறுபாடு முதல் எண்ணிலிருந்தும், பெரிய துண்டுகளின் வேறுபாடு இரண்டாவதிலிருந்தும் வந்து சேர்கிறது. மேலே சொன்ன பக்க முகவரிகள் இப்போது நான்குக்குப் பதில் 128 அறைகளுக்குப் பரவுகின்றன. முழு வெற்றி இல்லை என்றாலும் இரண்டு நகர்த்தலுக்கும் ஓர் எக்ஸாருக்கும் இது நல்ல பலன். நகர்த்தல் அளவுகளைத் தன் கணினியில் வரும் முகவரிகளை வைத்துத் தீர்மானித்த ஒருவரின் கை இதிலும் தெரிகிறது.

அடுத்தது பெருக்கல். டொனால்ட் நூத் 1973-இல் வெளிவந்த தம் நூல்வரிசையின் மூன்றாம் தொகுதியில், சாவியைப் பொன்விகிதத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணால் பெருக்குவதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 32 பிட்டுக்கு அந்த எண் 2654435769. 64 பிட்டுக்கு 11400714819323198485. பெருக்கியபின் பலனின் எந்தப் பகுதியை எடுப்பது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். பள்ளிக்கூடக் கணக்கை நினைத்துக்கொண்டால் போதும்: 4300-ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் கடைசி இரண்டு இலக்கம் பூஜ்யமாகவே இருக்கும். பெருக்கலில் மிச்சம் இடப்பக்கமாகத்தான் ஏறும், வலப்பக்கம் இறங்காது. ஆகவே வாலில் நான்கு பூஜ்யம் உள்ள முகவரியைப் பொன்விகித எண்ணால் பெருக்கிவிட்டு மறுபடியும் கடைசிப் பத்து பிட்டை எடுத்தால், அந்த நான்கு பூஜ்யமும் அப்படியே நம் கைக்கு வரும்; பெருக்கியது வீண். மேல்பகுதியிலிருந்து பத்து பிட்டை எடுக்க வேண்டும். கீழே உள்ள எல்லா பிட்டுகளின் செல்வாக்கும் ஏறிச் சேர்ந்திருப்பது அங்கேதான். இப்படி எடுத்தால் சிறிய துண்டுகளும் சரி, பக்க முகவரிகளும் சரி, நூற்றுக்கணக்கான அறைகளுக்குப் பரவிவிடுகின்றன.

பெருக்கல் என்று ஒன்று கிடைத்துவிட்டதே, இனி எதற்கு வாசிப்பதெல்லாம் என்று கேட்கலாம். இதற்கு லினக்ஸ் கருவின் வரலாறே பதில் சொல்கிறது. அதன் 64 பிட் ஹேஷ் சார்பு பல ஆண்டுகளாகப் பெருக்கல் முறையில்தான் இயங்கியது. ஆனால் பெருக்கும் எண்ணில் 1 என்னும் பிட்டுகள் வெகு சிலவே இருக்கும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருந்தார்கள். வன்பொருளில் பெருக்கல் வசதி இல்லாத கணினிகளில் அந்தப் பெருக்கலைச் சில நகர்த்தல்களாலும் கூட்டல்களாலும் முடித்துவிடலாம் என்ற சிக்கனம்தான் காரணம். ஒரு காலத்தில் நியாயமான சிக்கனம்தான் அது. பிட்டுகள் குறைந்ததால் கலப்பும் குறைந்தது. 2016 மே மாதம் லினஸ் டோர்வால்ட்ஸ் செய்த திருத்தத்தின் குறிப்பு, பாதிப்பு எங்கே இருந்தது என்று துல்லியமாகச் சொல்கிறது: ஏறத்தாழ 12 முதல் 20 வரையிலான பிட்டுகளில் உள்ள வேறுபாடு விடையில் சரியாக எதிரொலிக்கவில்லை. கோப்பின் இடங்களும் நினைவக முகவரிகளும் சாவியாக வரும்போது கீழ் பிட்டுகள் பெரும்பாலும் பூஜ்யமாகிவிடுவதால், மிகுதியான செய்தி இருப்பதே அந்த நடுப்பகுதியில்தான் என்பதையும் அதே குறிப்பு சுட்டுகிறது. உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த, தேர்ந்த கைகள் எழுதிய நிரல், நடு இலக்கங்களைப் பார்க்கத் தவறியிருந்தது. அதன்பின் அந்த எண்களையே மாற்றி, பொன்விகிதத்தை நேராகத் தரும் எண்களை வைத்தார்கள். பொதுவான ஒரு சூத்திரத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை, நம்முடைய தரவை நாமே பார்ப்பதற்கு மாற்று ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

நம் பாடத்திட்டங்களில் வளர்ந்தவர்கள் உடனே எழுப்பும் மறுப்பு வேறு: அறைகளின் எண்ணிக்கையைப் பகா எண்ணாக வைத்து, முகவரியை அதனால் வகுத்து மீதியை எடுத்தால் போதுமே. உண்மை. அர்னால்ட் டூமி 1956-லேயே சொன்ன வழி இது. 32-க்கும் 1021 என்ற பகா எண்ணுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதால் 32, 32-ஆக ஏறும் முகவரிகள் எல்லா அறைகளையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வரும். இதன் விலையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நகர்த்தலுக்குச் செயலியில் ஒரு சுழற்சி, பெருக்கலுக்கு மூன்று; 64 பிட் வகுத்தலுக்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய இன்டெல் செயலிகளில் பல பத்துச் சுழற்சிகள். அட்டவணை வளரும்போதெல்லாம் அடுத்த பகா எண்ணையும் தேட வேண்டும். விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. பகா எண் நோயை மறைத்துவிடுகிறது. முகவரிகளில் ஏன் ஒழுங்கு இருந்தது என்று ஒருமுறைகூடக் கேட்காமலேயே மாணவர் தேறிவிடுகிறார். இரண்டின் அடுக்காக அறைகள் அமைந்த ஒரு நிரலை வேலைக்குப் போன இடத்தில் அவரிடம் தரும்போது திகைக்கிறார்.

கணினி இன்று இவ்வளவு வேகமாகிவிட்டபோது இந்தக் கஞ்சத்தனம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. வேகமானது செயலி; நினைவகம் அந்த அளவுக்கு வேகமாகவில்லை. சங்கிலியில் ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததற்குப் போக முதன்மை நினைவகத்தைத் தொட நேர்ந்தால் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் போய்விடும். பதினாறு கண்ணிகளைப் புரட்டும் தேடலுக்கும் ஒன்றோடு முடியும் தேடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி, பழைய கணினிகளில் இருந்ததைவிட இன்று பெரிது. இதே காரணத்தால் முழுக் கலைப்பும் எல்லா இடத்திலும் நல்லதல்ல. அடுத்தடுத்து வாங்கிய முனைகளை அடுத்தடுத்துத் தேடும் நிரல்கள் உண்டு; எளிய நகர்த்தல் அவற்றைப் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வைப்பதால் செயலியின் கேஷ் அவற்றை ஒரே இழுப்பில் கொண்டுவரும். வலிமையான கலைப்பான் அந்த அண்டைமையைச் சிதைத்துவிடும். எதிரிகள் வேண்டுமென்றே மோதும் சாவிகளை அனுப்பலாம் என்ற அச்சம் வலைத்தளங்களுக்கு வரும் எழுத்துச் சரங்களில் நியாயமானது. 2011 இறுதியில் அது பெரிய சிக்கலாக வெடித்து, 2012-இல் சிப்ஹேஷ் போன்ற இரகசியச் சாவியுள்ள ஹேஷ்களுக்கு வழிவிட்டது. நிரலின் உள்ளே மல்லாக் வழங்கும் முகவரியை வெளியாள் தன் விருப்பப்படி தேர்ந்தெடுப்பது அவ்வளவு எளிதல்ல. அங்கே அந்தச் சுமை பொதுவாகத் தேவைப்படாது.

கூர்மையான மறுப்பு மொழியின் சட்டத்திலிருந்து வருவது. சுட்டியை எண்ணாக மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதை சி மொழித் தரம் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. 1999 தரத்தில் இதற்கென்றே ஓர் எண் வகை வந்தது. அதுவும்கூடச் சுட்டியை எண்ணாக்கி மறுபடி சுட்டியாக்கினால் பழைய சுட்டிக்குச் சமமாக இருக்கும் என்று மட்டுமே சொல்கிறது. சமமான இரண்டு சுட்டிகள் ஒரே எண்ணைத் தந்தே தீரும் என்று அது சொல்லவில்லை. இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் ஆண்ட டர்போ சி-யின் ‘ஃபார்’ சுட்டிகளில் முகவரி என்பது செக்மென்ட், ஆஃப்செட் என்ற இரண்டு எண்களின் இணை. செக்மென்ட்டைப் பதினாறால் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் உண்மையான இடம் வரும். 0, 16 என்ற இணையும் 1, 0 என்ற இணையும் ஒரே பைட்டைச் சுட்டுகின்றன. ஒரே பைட்டுக்கு 4096 இணைகள் வரை இருக்கலாம். அங்கே சுட்டியின் பிட்டுகளை அப்படியே ஹேஷ் செய்தால் ஒரே பொருள் பல அறைகளில் இருப்பதாகத் தோன்றும். இந்த மறுப்பை நான் தள்ளவில்லை. அது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது என்றே நினைக்கிறேன். முகவரிகளை வழங்கும் விதி கணினிக்குக் கணினி வேறுபடும். ஆகவே பிட் வித்தையை ஒரு மந்திரமாக மனப்பாடம் செய்து எடுத்துப்போக முடியாது, ஒவ்வோர் இடத்திலும் விதியைப் பார்த்தாக வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் தரவுக் கட்டமைப்புப் பாடத்தின் கடைசி அலகில் ஹேஷ் வந்தது: ஹேஷ் சார்புகள், தனிச் சங்கிலி, திறந்த முகவரி, மறு ஹேஷ், நீட்சி ஹேஷ். வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் பெயரில் இயங்கும் அரசு பொறியியல் கல்லூரியிலிருந்து, தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்கு வாரித் தந்த அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கிய மேல்விஷாரம் பொறியியல் கல்லூரி வரை, பாலாற்றங்கரைப் பிள்ளைகள் பலர் கணினியியலுக்கு நுழையும் வாசல் இதுபோன்ற பாடம்தான். வகுப்பறை உதாரணங்களில் சாவிகள் 23, 45, 78 என்று கரும்பலகைக்கு வசதியான எண்களாகவே இருக்கின்றன. எவரும் வழங்காத, எந்த விதியும் படியாத எண்கள். அவற்றை வைத்து மோதலைக் காட்டலாம், மோதல் ஏன் வருகிறது என்பதைக் காட்ட முடியாது.

இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பகா எண்ணைப் பற்றி வாய் திறப்பதற்கு முன், மாணவர்களை ஒரு 64-பிட் லினக்ஸ் கணினியில் 24 பைட் முனைகள் ஆயிரத்தை மல்லாக்கால் தொடர்ந்து வாங்கச் சொல்லுங்கள். வாங்கி முடித்த பிறகு முதல் இருபது முகவரிகளை இரும வடிவில் ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சிட்டு, எந்தப் பத்திகள் மாறுகின்றன, எவை மாறவில்லை என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு கடைசிப் பத்து பிட்டால் 1024 அறைகளில் இட்டு, எத்தனை அறைகள் நிரம்பின என்று எண்ணச் சொல்லுங்கள். 32 என்று வரும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள். அன்றைய வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.